தோள்பட்டைக்குள்ள 41 துண்டு: சுளுக்குன்னும் ஃப்ரோசன் ஷோல்டர்னும் நெனச்சு நான் ஓட்டுன 14 மாசம்

வலது தோள்பட்டைக்குள்ள இருந்து எனக்கு 41 துண்டு எடுத்தாங்க. எண்ணற அளவுக்குப் பெருசா இருந்தது மட்டும் 41, ஜவ்வரிசி சைஸ்ல தண்ணியோட உறிஞ்சிட்டு வந்தது எவ்வளவுன்னு கணக்கே இல்ல. அப்ப எனக்கு வயசு 39, தொழில் வீட்டு வயரிங், ஊரு கோபிச்செட்டிபாளையம் பக்கம். சுகர் இல்ல, பிரஷர் இல்ல, தோள்ல அடிபட்டதும் இல்ல. நோயோட பேரு சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ், மூட்டுக்குள்ள இருக்கற சவ்வு குருத்தெலும்புத் துண்டா உருவாக்கித் தள்ளற நோய். இது கேன்சர் இல்ல, ஆனா மாத்திரையில போற நோயும் இல்ல. எனக்கு வந்தப்ப இதப் பத்தித் தமிழ்ல தேடித் தேடிப் பாத்தேன், ஒரு பேஷண்ட் எழுதுனதா ஒண்ணுகூட கண்ணுல படல, அதனாலதான் நடந்தத நடந்தபடியே எழுதறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

ஆரம்பம் 2021 மே. கொரோனா ரெண்டாவது அலை, ஊரெல்லாம் லாக்டவுன், வேலையும் இல்ல. ஒரு நாள் எங்க வீட்டு ஃபேனையே கழட்டித் தொடச்சு மாட்டலாம்னு ஸ்டூல் மேல ஏறி கையத் தூக்குனேன், தோளுக்குள்ள ஏதோ ஒண்ணு நடுவுல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு, கை அதுக்கு மேல போகல. வலின்னுகூட சொல்ல முடியாது, கதவிடுக்குல கல்லு மாட்டுனா கதவு எப்பிடி நிக்குமோ அப்பிடி. கையக் கீழ இறக்கி ஒரு சுத்து சுத்துனேன், கடக்னு ஒரு சத்தம், அப்பறம் சரியாப் போச்சு. சுளுக்கா இருக்கும்னு விட்டுட்டேன். அந்த நேரத்துல ஆஸ்பத்திரிப் பக்கம் போறதுக்கே எல்லாருக்கும் பயம்.

அப்பறம் அது வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு தடவன்னு வர ஆரம்பிச்சுது. ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படுத்தா உள்ளுக்குள்ள கொடையற மாதிரி வலி. அம்மா "வாயுப் பிடிப்பு கண்ணு, நல்லெண்ணெய காய்ச்சித் தேச்சுக்க"ன்னாங்க, தேச்சோம். பக்கத்து ஊர்ல ஒருத்தர் நீவி விடுவாருன்னு போனேன், மூணு ஞாயித்துக்கெழம நீவி விட்டாரு. நீவுன அன்னைக்கு நல்லா இருக்கும், மூணாவது நாள் பழையபடி.

ஆறு மாசம் கழிச்சு ஒரு டாக்டர்கிட்டப் போனேன். கையத் தூக்கச் சொன்னாரு, பின்னாடி கொண்டுபோகச் சொன்னாரு, ரெண்டு நிமிசத்துல "ஃப்ரோசன் ஷோல்டர், பிசியோதெரபி பண்ணுங்க, ஒன்றரை வருசத்துல தானா விடும்"னு சொல்லீட்டாரு. எக்ஸ்ரே எடுக்கல. நானும் கேக்கல. பிசியோ சென்டர்ல ரெண்டு மாசம் போனேன், அந்தத் தம்பி கைய இழுத்துத் தூக்குவாப்ல, நான் பல்லக் கடிச்சுட்டுப் படுத்திருப்பேன், உள்ள நறநறன்னு மண்ண அரைக்கற மாதிரி சத்தம் வரும். "அண்ணா, பிடிப்பு விடுது, அதான் சத்தம்"னு சொல்லுவாப்ல. அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல, சீட்டுல ஃப்ரோசன் ஷோல்டர்னு எழுதியிருந்துச்சு, அதத்தான் பண்ணுனாப்ல. ஆனா இன்னிக்கு நெனச்சா மனசு பதறுது, உள்ள அத்தன துண்டு கெடக்கறப்ப அந்த இழுப்பு இழுத்திருக்கோம்.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இதுக்காகத்தான் எழுதவே ஒக்காந்தேன். ஃப்ரோசன் ஷோல்டர்ல மூட்டுப் பை சுருங்கிப் போயிரும், அதனால கை எந்த நாளும் ஒரே அளவுலதான் நிக்கும், நம்ம தூக்குனாலும் சரி இன்னொருத்தர் தூக்கி விட்டாலும் சரி. குறிப்பா முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சுட்டு முன்கைய வெளிப்பக்கம் திருப்பறது ரொம்பக் கொறஞ்சு போகும். எனக்கு அப்பிடி இல்ல. ஒரு நாள் கை முக்காவாசி மேல போகும், அடுத்த நாள் பாதியிலயே மாட்டிக்கும், ஒரு சுத்து சுத்துனா விட்டுரும். மாட்டறது, விடுறது, கடக்குனு சத்தம், நறநறப்பு. இந்த நாலையும் நான் டாக்டர்கிட்ட முதல் நாளே சொல்லியிருக்கணும், "தோளு வலிக்குதுங்க, கை தூக்க முடியல"ன்னு மட்டுந்தான் சொன்னேன். நாள் போகப் போக எனக்கும் உண்மையிலயே இறுக்கம் வந்துருச்சு, அதனால பாக்கறவங்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரியேதான் தெரிஞ்சிருக்கும், அதையும் நான் ஒத்துக்கறேன். ஆனா ஒரு சாதா எக்ஸ்ரே அன்னைக்கே எடுத்திருந்தா எட்டு மாசம் மிச்சமாயிருக்கும். ஃப்ரோசன் ஷோல்டர்ல எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாத்தான் வரும், அதனால "எதுக்கு எடுக்கணும்"னு விட்டுர்றாங்க. எடுக்கறதே வேற ஏதும் இல்லைன்னு உறுதிப்படுத்திக்கத்தான்.

2022 ஜூலை மாசம், அத்தாணில ஒரு புது வீட்டுக்கு சீலிங்ல டிரில் போட்டுட்டு இருந்தேன், கை மேல தூக்குன நிலையிலயே மாட்டிக்குச்சு. டிரில்லிங் மெஷின் கையில, ஏணி மேல நிக்கறேன், இறக்கவும் முடியல. கூட இருந்த பையன் ஏறி வந்து மெஷின வாங்கிக்கிட்டான். அன்னைக்கு சாயந்தரமே ஈரோடு போய் வேற ஒரு எலும்பு டாக்டரப் பாத்தேன். அவரு கைய வச்சுப் பாத்துட்டு மொதல்ல எக்ஸ்ரேதான் எழுதிக் குடுத்தாரு, ரெண்டு கோணத்துல. ஃபிலிம லைட்டுல மாட்டுன ஒடனே எனக்கே தெரிஞ்சுது. பந்து மாதிரி இருக்கற எலும்புக்குக் கீழ, அக்குள் பக்கமா, பாசிப்பயறக் கொட்டி வச்ச மாதிரி வட்ட வட்டமா வெள்ளைப் புள்ளி. முன்பக்கமும் கொஞ்சம்.

அவரு சொல்லிக் குடுத்தத எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். மூட்டச் சுத்தி ஒரு பை இருக்கு, அந்தப் பையோட உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு. மூட்டு வழவழன்னு ஓடறதுக்கான தண்ணியச் சுரக்கறது அதோட வேல. இந்த நோயில அந்தச் சவ்வு சம்பந்தமே இல்லாம குருத்தெலும்ப உருவாக்க ஆரம்பிச்சுருது. மொதல்ல சவ்வுக்குள்ளயே சின்னச் சின்ன முடிச்சா இருக்கும், அப்பறம் காம்பு மாதிரி வெளிய தொங்கும், அப்பறம் அறுந்து மூட்டுத் தண்ணியில மெதக்கும். மெதந்தாலும் செத்துப் போறதில்ல, அந்தத் தண்ணியில இருந்தே சத்த எடுத்து வளரும். கொஞ்ச நாள்ல சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகும், அப்பத்தான் எக்ஸ்ரேல தெரியும். சுண்ணாம்பு ஏறாதது எக்ஸ்ரேல தெரியாது, அதனால எக்ஸ்ரே சுத்தமா இருந்தாலும் மாட்டறதும் சத்தமும் நிக்கலைன்னா எம்ஆர்ஐ கேளுங்க. இது அதிகமா வர்றது முழங்கால்லதான், அப்பறம் இடுப்பு, முழங்கை, தோளெல்லாம் கம்மி. 30ல இருந்து 50 வயசுக்குள்ள, பொம்பளைங்கள விட ஆம்பளைங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

வீட்ல கேட்ட மொதல் கேள்வி, "டிரில் போட்டுப் போட்டுத்தான் இப்பிடி ஆச்சா"ன்னு. அம்மா ஒரு வாரம் சரியா சாப்பிடல, "உன்ன இந்த வேலைக்கு அனுப்புனதே நாந்தான்"னு அழுதாங்க. டாக்டர்கிட்டக் கேட்டேன், தேய்மானத்தாலயும் பழைய அடியாலயும் மூட்டுக்குள்ள துண்டு சேர்றது உண்டு, அது வேற, அது செகண்டரி வகை, உங்களோடது தானா வர்ற பிரைமரி வகைன்னாரு. முன்னாடியெல்லாம் சவ்வு தன் கொணத்த மாத்திக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தாங்களாம், இப்ப நெறைய கேஸ்ல அந்தச் சவ்வு செல்லுக்குள்ள எஃப்என்1, ஏசிவிஆர்2ஏன்னு ரெண்டு ஜீன் தப்பா ஒட்டிக்கிட்டிருக்கறதக் கண்டுபிடிச்சிருக்காங்க, அதனால சாதுவான கட்டி வகையிலதான் சேக்கறாங்க. அந்த மாத்தம் அந்த மூட்டுச் சவ்வோட சரி, பிள்ளைங்களுக்குப் போகாது. இதக் கேட்டதுக்கப்பறந்தான் அம்மா ஒழுங்கா சோறு திங்க ஆரம்பிச்சாங்க. யாரு வீட்டுல இது வந்தாலும் இந்தக் கேள்வியக் கூச்சப்படாம டாக்டர்கிட்டக் கேட்டுருங்க, இல்லைன்னா வீட்ல யாராவது ஒருத்தர் தன் தப்புன்னு மனசுக்குள்ள வச்சு மருகிட்டே இருப்பாங்க.

எம்ஆர்ஐ எடுத்தோம். ரொட்டேட்டர் கஃப்னு சொல்ற தசைநார்ல கிழிசல் இல்ல, பந்துக் கிண்ண மூட்டுல குருத்தெலும்பு கொஞ்சமா உரசியிருக்கு. துண்டுங்க மூணு எடத்துல: அக்குள் பக்கம் பை தொங்கற பள்ளத்துல, முன்னாடி சப்ஸ்கேப்புலாரிஸ் தசைக்குப் பின்னால இருக்கற சந்துல, அப்பறம் பைசெப்ஸ் நாரு ஓடற ஒறைக்குள்ள. அந்த ஒறை மூட்டோட ஒட்டுனாப்ல தொறந்தே இருக்கும், அதனால துண்டு வழுக்கி அதுக்குள்ள போயிருது. எனக்கு மேல்கையில முன்பக்கம் ஏன் வலிச்சுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கூடவே ரத்தத்துல ஈஎஸ்ஆர், சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்கறது), ஆர்ஏ ஃபேக்டர் (முடக்குவாதத்துக்குப் பாக்கறது), சுகர் எல்லாம் பாத்தாங்க. டிபியிலயும் முடக்குவாதத்துலயும் மூட்டுக்குள்ள அரிசி மாதிரி துண்டு சேரும், அது வேற வைத்தியம், நம்ம ஊர்ல டிபி இருக்கறதால அதத் தாண்டித்தான் மத்தத யோசிக்கணும்னாரு. இதே சவ்வுல பிவிஎன்எஸ்னு இன்னொண்ணும் வரும், அதுல ரத்தம் கசிஞ்சு கசிஞ்சு இரும்புச் சத்து படிஞ்சு சவ்வு பழுப்பாப் போயிரும், எம்ஆர்ஐல அது கருப்பா தனியாத் தெரியும். அதுக்கு இப்ப மாத்திரைகூட இருக்கு, பெக்சிடார்டினிப்னு 2019ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. நெட்ல தேடறப்ப ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பிக்காதீங்க, நான் கொழப்பிக்கிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கல. நம்ம நோய்க்கு அந்த மாத்திரை இல்ல, துண்டையும் கெட்ட சவ்வையும் எடுக்கறதுதான் வைத்தியம்.

ஆபரேஷனுக்கு ரெண்டு எடத்துல கேட்டேன், ரெண்டாவது கருத்து கேட்டது நான் பண்ணுன நல்ல காரியம். மொதல்ல பாத்தவரு தொறந்து பண்ணலாம்னாரு. தோளோட முன்பக்கம் கிழிச்சு, சப்ஸ்கேப்புலாரிஸ் தசைய வெட்டி விலக்கி, உள்ள போய் எல்லாத்தையும் கண்ணாலயே பாத்து எடுக்கலாம், ஆனா அந்தத் தசையத் திரும்பத் தைச்சு அது ஒட்டற வரைக்கும் ஒரு ஆறு வாரம் கைய வெளிப்பக்கம் திருப்பக் கூடாது. கோயமுத்தூர்ல பாத்தவரு ஆர்த்ராஸ்கோப்பி, சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டுப் பண்றது, நம்ம ஊர்ல சொல்ற கீஹோல், அதுல பண்ணலாம், பைசெப்ஸ் ஒறைக்குள்ள இருக்கறத மட்டும் முன்னாடி சின்னதா ஒரு வெட்டு போட்டு எடுத்துக்கலாம்னாரு. தசைய வெட்டறதில்ல, மறுநாளே கைய அசைக்கலாம். கஷ்டம் என்னன்னா அக்குள் பக்கப் பள்ளம். அதுக்கு நேர் கீழயே ஆக்சிலரி நரம்பு ஓடுது, தோளத் தூக்கற டெல்டாய்டு தசைக்குப் போற நரம்பு அதுதான், அங்க சவ்வ அழுத்திச் சொரண்ட முடியாது.

நான் கேட்ட கேள்வி ஒண்ணு, அதக் கேட்டதுக்கு இன்னைக்கும் சந்தோசப்படறேன். "துண்ட மட்டும் எடுப்பீங்களா, சவ்வையும் எடுப்பீங்களாங்க?" அதுக்கு கோயமுத்தூர் டாக்டர் ரொம்ப நேரம் பதில் சொன்னாரு. மில்கிராம்னு ஒரு டாக்டர் 1977ல இந்த நோய மூணு கட்டமாப் பிரிச்சிருக்காரு: மொதல் கட்டத்துல சவ்வு மட்டும் வேல செய்யும், துண்டு மெதக்காது. ரெண்டாவதுல சவ்வும் வேல செய்யும், துண்டும் மெதக்கும். மூணாவதுல சவ்வு அடங்கிரும், துண்டு மட்டும் கெடக்கும். சவ்வு அடங்கிருச்சுன்னா துண்ட எடுத்தாப் போதும், வேல செஞ்சுட்டு இருந்தா சவ்வையும் எடுத்தாத்தான் திரும்ப வர்றது கொறையும். உங்களோடது ரெண்டாவது மாதிரி தெரியுது, உள்ள கேமரா போனாத்தான் உறுதியாத் தெரியும்னாரு. திரும்ப வர்ற வாய்ப்பு எவ்வளவுன்னு கேட்டேன், ஆய்வுக்கு ஆய்வு மாறுது, 3 சதவீதத்துல இருந்து 20 சதவீதத்துக்கு மேல வரைக்கும் எழுதியிருக்காங்கன்னு மறைக்காம சொன்னாரு. கேன்சரா மாறுமான்னும் கேட்டேன். காண்ட்ரோசார்கோமாங்கற குருத்தெலும்புக் கேன்சரா மாறறது அபூர்வம், ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது, அதுக்காகத்தான் எடுத்தத பயாப்ஸிக்கு அனுப்பறோம், திரும்பத் திரும்ப வந்தாலோ வேகமா வளந்தாலோ அப்ப யோசிக்கணும்னாரு. இப்பிடிப் பேசற டாக்டர்தான் வேணும்னு அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன்.

பணத்தப் பத்தி. எனக்கு மொத்தமா 1,32,000 ரூபா ஆச்சு. இன்சூரன்ஸ் இருந்துச்சு, ஆனா கேஷ்லெஸ்ல கேள்வி கேட்டு நிறுத்தீட்டாங்க. காரணம், ஒரு சீட்டுல "ஆறு மாசமா வலி"ன்னும் இன்னொண்ணுல "ரெண்டு வருசமா"ன்னும் இருந்துச்சு. ரெண்டு வருசம்னு நான் பேச்சுவாக்குல சொன்னத யாரோ எழுதிக்கிட்டாங்க. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே நோய் இருந்துச்சுன்னு அத வச்சுச் சொல்லீட்டாங்க. முதல் எக்ஸ்ரே தேதி, முதல் ஓபி சீட்டு எல்லாம் குடுத்து, டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி, கடைசில கட்டுன பணத்துல 94,000 திரும்ப வந்துச்சு, அதுக்கு நாலு மாசம். அதனால எங்க போனாலும் எப்பருந்து வலின்னு கேட்டா மாசம் வருசத்தோட ஒரே பதிலச் சொல்லுங்க, அவங்க எழுதறத அங்கயே படிச்சுப் பாருங்க. மொதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கார்டு இருக்கறவங்க, 2022ல வருச வருமானம் 1,20,000க்குள்ள இருந்தவங்களுக்கு அது, ஆஸ்பத்திரில காப்பீட்டு கவுண்டர்ல இந்த ஆபரேஷன் வருமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க.

ஆபரேஷன் 2022 ஆகஸ்ட், ஆடி முடியட்டும்னு அம்மா சொன்னதால கடைசி வாரம். காலைல எட்டு மணிக்கு தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. முழு மயக்கந்தான், அதுக்கு முன்னாடி கழுத்துப் பக்கத்துல ஸ்கேன் மெஷின் வச்சுப் பாத்து நரம்புக்கு ஒரு ஊசி, பிளாக்னு சொல்றாங்க. கை கொஞ்சம் கொஞ்சமா என்னோடது இல்லாத மாதிரி ஆச்சு. சாய்வு நாற்காலில ஒக்கார வச்ச மாதிரி வச்சு ஆபரேஷன் பண்ணுனாங்களாம். பின்பக்கம் ஒரு ஓட்டைல கேமரா, முன்பக்கம் ஓட்டைல கருவி, மூட்டுக்குள்ள சலைன் தண்ணிய பம்ப்ல விட்டு உப்ப வச்சுட்டு, சின்னத் துண்டெல்லாம் குழாய் வழியா தண்ணியோடயே வெளிய வந்துரும், பெருச இடுக்கி மாதிரி ஒண்ணுல புடிச்சு இழுக்கறது, சவ்வ ஷேவர்னு ஒரு சுத்தற பிளேடுல வழிச்சு எடுக்கறது. ரெண்டே கால் மணி நேரம். வீடியோவ பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தாங்க, நீங்களும் கேட்டு வாங்கிக்குங்க, பின்னால வேற டாக்டரப் பாக்கறப்ப ஆயிரம் வார்த்தை சொல்ற வேலைய அது செய்யும். அதுல நான் பாத்தேன், வெள்ளை வெளேர்னு முத்து மாதிரி உருளுது ஒவ்வொண்ணும், பின்னால சவ்வு செவப்பாப் பாசி புடிச்ச மாதிரி ஆடுது. பெருசா இருந்தது மொச்சைக்கொட்டை அளவு.

வெளிய கொண்டு வந்தப்ப எங்க வீட்டுக்காரி என் மூஞ்சியப் பாத்துட்டு அழ ஆரம்பிச்சுட்டா. வலது கண்ணு எறங்கிப் பாதி மூடியிருந்துச்சு, கொரல் கரகரன்னு, எனக்கு மூச்சு ஒரு பக்கம் முழுசா இழுக்காத மாதிரி இருந்துச்சு. "ஏனுங்க, வாதம் அடிச்சிருச்சுங்களா"ன்னு நர்சக் கூப்புட்டு ஓடுனா. அது அந்தக் கழுத்து ஊசியோட வேல. பக்கத்துலயே கண்ணுக்குப் போற நரம்பும் குரலுக்குப் போறதும் மூச்சுத் தசைக்குப் போறதும் இருக்கறதால மருந்து அங்கயும் கொஞ்சம் பரவிரும், பிளாக் எறங்க எறங்க எல்லாம் சரியாயிரும். எனக்கு ராத்திரிக்குள்ள சரியாப் போச்சு. இத முன்னாடியே வெளிய நிக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிருந்தா அவ அந்த அரைமணி நேரம் அப்பிடித் தவிச்சிருக்க மாட்டா. உங்களுக்கு ஆபரேஷன்னா நீங்க சொல்லி வச்சிருங்க. ஆஸ்துமா மாதிரி நுரையீரல் தொந்தரவு இருக்கறவங்க இந்த ஊசி பத்தி மயக்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே கண்டிப்பாப் பேசிருங்க.

அடுத்தது ராத்திரி. சாயந்தரம் வரைக்கும் வலியே இல்ல, நான் எல்லாருக்கும் போன் பண்ணி நல்லாருக்கேன்னு சொல்லீட்டு இருந்தேன். வலி இல்லையேன்னு ராத்திரி மாத்திரையப் போடல. ரெண்டு மணிக்கு பிளாக் எறங்குச்சு. வாழ்க்கைல அப்பிடி ஒரு வலி பாத்ததில்ல, மாத்திரை போட்டு அது வேல செய்ய ஒரு மணி நேரமாச்சு. விரல் நுனி சுருசுருங்க ஆரம்பிக்கறப்பவே, அதாவது உணர்ச்சி திரும்பறதுக்கு முன்னாடியே, எழுதிக் குடுத்த மாத்திரையப் போட்டுரணும், வலிக்கட்டும்னு காத்துட்டு இருக்கக் கூடாது. அப்பறம் தோளு ஃபுட்பால் மாதிரி வீங்கியிருந்துச்சு, கட்டெல்லாம் ரோஸ் கலர்ல நனைஞ்சு போச்சு, அது சலைன் தண்ணி, ஒரு நாள்ல வடிஞ்சிரும். கெட்டியா செவப்பு ரத்தம், காய்ச்சல், சீழ், மூச்சுத்திணறல் ஜாஸ்தியாகறது, இதெல்லாம்தான் பயப்பட வேண்டியது.

வீட்டுக்கு வந்து மொத ரெண்டு வாரத்துக்கு யாரும் சொல்லித் தராத சின்ன விசயங்க நெறைய. மட்டமாப் படுக்க முடியாது, கை பின்னால சரிஞ்சா வலி கொல்லும். அப்பா காலத்து ஈஸி சேர்லதான் பத்து நாள் தூங்குனேன், முழங்கைக்கு அடியில ஒரு தலகாணி. லுங்கி ஒத்தக் கையில கட்ட முடியாது, எலாஸ்டிக் வச்ச டிராக் பேண்ட் ரெண்டு வாங்கி வச்சுக்குங்க. சட்டை முன்னாடி பட்டன் வச்சதுதான், போடறப்ப ஆபரேஷன் ஆன கைய மொதல்ல நுழைக்கணும், கழட்டறப்ப அத கடைசியாக் கழட்டணும். அக்குள்ல வேர்த்து ஊறி புண்ணாகற மாதிரி ஆயிரும், நம்ம ஊர் வெயிலுக்குக் கேக்கவே வேண்டாம். அதுக்கு மேஜையப் புடிச்சுட்டு இடுப்புல இருந்து முன்னாடி குனிஞ்சா கை தானாத் தொங்கும், அக்குள் தானாத் தொறக்கும், ஈரத்துணில தொடச்சு காய வச்சுரலாம். கையத் தூக்க வேண்டியதே இல்ல. தட்ட நாலு புஸ்தகத்து மேல வச்சு ஒசத்திக்கிட்டா வலது கையிலயே சாப்பிடலாம். ஐஸ் வைக்கறப்ப துணி சுத்தி 15 நிமிசம், மரத்துப் போயிருக்கற அன்னைக்கு நேரத்தப் பாத்து வைங்க, சுடுதா குளுருதான்னு தோலுக்குத் தெரியாது.

பன்னெண்டாம் நாள் தையல் பிரிச்சாங்க. அன்னைக்கே பயாப்ஸி ரிப்போர்ட்டும் வந்துச்சு: சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ், டிபி இல்ல, புற்றுநோய் அணு இல்ல. அந்தப் பேப்பர லேமினேட் பண்ணாம ஒரு ஃபைல்ல வச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் டாக்டர் அதக் கேக்கறாரு. பத்திரமா வச்சுக்குங்க, சில லேப்ல பயாப்ஸி பிளாக்கையும் (மெழுகுல பதிச்சு வச்ச சதைத் துண்டு) ஸ்லைடையும் கேட்டா குடுப்பாங்க, திரும்ப வந்தா ஒப்பிட்டுப் பாக்க ஒதவும்.

பயிற்சி ஆபரேஷன் ஆன மறுநாளே ஆரம்பிச்சுட்டாங்க. குனிஞ்சு நின்னு கையத் தொங்க விட்டு கோயில் மணி மாதிரி ஆட்டறது மொதல்ல. ஒரு வாரம் கழிச்சு படுத்துக்கிட்டு நல்ல கையால கெட்ட கையத் தூக்கறது. கைய வெளிப்பக்கம் திருப்பற பயிற்சிக்கு ஒரு குச்சி வேணும்னாங்க, எங்கிட்ட இருந்த முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பையே மூணு அடிக்கு வெட்டிக்கிட்டேன், முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சு ரெண்டு கையிலயும் பைப்பப் புடிச்சு நல்ல கையால தள்றது. செவுத்துல விரல் விட்டு ஏறறதுக்கு, போர்டு வைக்க லெவல் மார்க் பண்ற மாதிரி பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதுனேன். செப்டம்பர் 5 கண்ணு மட்டத்துக்கு, 20ம் தேதி நெத்திக்கு, அக்டோபர் 10 தலைக்கு மேல ஒரு சாண். நடுவுல எட்டு நாள் கோடு ஏறவே இல்ல, மனசு விட்டுப் போச்சு. அந்தக் கோடு இல்லைன்னா அதுக்கு முன்னாடி எவ்வளவு ஏறியிருக்கேன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. இந்தத் தடவ பாத்த பிசியோ அக்கா ஒரு விதி சொன்னாங்க: பயிற்சி முடிஞ்சு வர்ற வலி ஒரு மணி நேரத்துல அடங்கிட்டா சரியான அளவு, ராத்திரி தூக்கத்தக் கெடுத்தா நாளைக்குக் கொறச்சுக்க. பழைய சென்டர்ல பல்லக் கடிச்சதுக்கும் இதுக்கும் அத்தன வித்தியாசம். ஆபரேஷனுக்கு முன்னாடி கை முன்பக்கம் 100 டிகிரிதான் போகும், மூணாவது மாசம் 160. ஆபரேஷன் பண்ணுனதுல பாதிதான் வேல முடியும், மீதிப் பாதி இந்த மூணு மாசம், ஒரு நாளைக்கு மூணு வேளை.

வேலைக்குத் திரும்பறது பத்தி எல்லா மெக்கானிக், பெயிண்டர், மேஸ்திரிங்களும் கேப்பீங்க. நாலாவது வாரம் இடுப்பு மட்டத்துல சுவிட்ச் போர்டு வேல, ஸ்க்ரூடிரைவர் வேல பாத்தேன். வண்டி ஓட்டுனது ஆறு வாரம் கழிச்சு, கோயமுத்தூர் டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருந்தாரு, திடீர்னு பிரேக் புடிச்சா ஹேண்டில்ல தோளு வாங்கும். தலைக்கு மேல டிரில் போட நாலு மாசம். அது வரைக்கும் பையனுக்கு நாளுக்கு 700 குடுத்து மேல் வேலைய அவன விட்டேன், அந்தச் செலவையும் ஆபரேஷன் செலவோட முன்னாடியே சேத்துக் கணக்குப் போட்டு வச்சுக்குங்க, நான் போடாம விட்டு தீபாவளிக்குக் கடன் வாங்க வேண்டியதாப் போச்சு.

முதல் வருசம் ஆறு மாசத்துக்கு ஒரு எக்ஸ்ரே, 2023ல ஒரு எம்ஆர்ஐ, 2025ல ஒண்ணு. ரெண்டுலயும் புதுத் துண்டு இல்ல. அக்குள் பக்கம் சவ்வு லேசாத் தடிச்சிருக்குன்னு 2025ல எழுதியிருந்துச்சு, டாக்டர் பழைய ஸ்கேனோட வச்சுப் பாத்துட்டு மாத்தம் இல்லைன்னுட்டாரு, நரம்புக்காக அங்க விட்டு வச்ச எடம் அதுதான். ஸ்கேன் எடுக்கறப்ப பேப்பர் ரிப்போர்ட் மட்டும் வாங்காம படத்தையும் சிடிலயோ பென் டிரைவ்லயோ வாங்குங்க, இப்பிடி ஒப்பிடறதுக்குப் படம்தான் வேணும். மூட்டுல முன்னாடியே உரசுன குருத்தெலும்பு திரும்ப வராது, பனி காலத்துல காலைல ஒரு இறுக்கம் இருக்கும், சுடுதண்ணி ஊத்துனா விட்டுரும். கை பின்பக்கம் முதுகுல முன்ன மாதிரி மேல போகல, நாலு விரக்கடை கம்மிதான்.

ரெண்டு மாசம் முன்னாடி இடது தோள்ல ஒரு சத்தம் கேட்டுச்சு. அன்னைக்கே ஈரோடு போய் எக்ஸ்ரே எடுத்தேன். பெரும்பாலும் இது ஒரு மூட்டுலதான் வரும்னு ஈரோடு டாக்டர் சொல்லியிருந்தாலும் எனக்கு மனசு கேக்கல. ஃபிலிமு சுத்தமா இருந்துச்சு, கையும் எங்கயும் மாட்டல. ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாரு.